அந்த வயசுக்கு அது சரிதான்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். டெய்லரம்மாவின் கல்யாணத்தில் சொல்லப்பட்டது ஒரே ஒரு பொய். ஆயிரம் சொல்லியிருந்தால்கூட இத்தனை கேடு வந்திருக்காது.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த தம்பியைப் பார்க்க அன்று காலை அவள் போயிருந்தாள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தான். மூத்திரப் பை கட்டில் ஓரத்தில் தொங்கியது. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான். அறுபத்தேழு வயதில் அப்படியொரு வெட்கம். மற்றபடி ஆள் தெம்புதான். கண்டம் தப்பியவனுக்கு வாய் நீளும் என்பது சரியாகத்தான் இருந்தது. அக்கா உட்காருவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டான்.

ஏதோ ரத்தப் பரிசோதனை செய்தானாம். அதில் புராஸ்டேட் சுரப்பிக்கென்று ஓர் அளவு உண்டு, அது இவனுக்கு ஐந்து இருந்தது. இதை இப்படியே விடக்கூடாது, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு இடத்தில் நூல் நூலாக எடுத்தார்கள். மூன்றில் புற்றுநோய். அது எவ்வளவு பொல்லாதது என்பதற்குப் பத்து வரைக்கும் மார்க் போடுவார்களாம், இவனுக்கு ஏழு. நல்ல காலம், சுரப்பிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது, முழுசாக அறுத்து எடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஏழு வாங்காதவன் இங்கே வந்து வாங்கிவிட்டேன் என்று சிரித்தான். சிரித்தால் தையல் வலிக்கிறதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தான்.

டெய்லரம்மாவும் கூடச் சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இதே டாக்டரிடம்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் புருஷனைக் கூட்டிப்போனாள். அவருக்கு அந்த அளவு ஐந்தரையைத் தாண்டியிருந்தது. அவரை ஏன் ஒன்றும் செய்யாமல் அனுப்பினார்கள்? தம்பியிடம் அதைக் கேட்டாள்.

"நானும் டாக்டர்கிட்ட அதையேதான்க்கா கேட்டேன்," என்றான் அவன். "வயசாக ஆக அந்தச் சுரப்பி தன்னால வீங்குமாம், அளவும் ஏறுமாம். எழுபது தாண்டினவங்களுக்கு ஆறு, ஆறரை வரைக்கும் பயப்பட வேண்டாமாம். எனக்கு அறுபத்தேழு, விட முடியாது. மாமா வயசுக்கு அது சரிதான்னு சொன்னார்."

மாமா வயசு! டெய்லரம்மா தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்துவிட்டாள். என்ன அண்ணி, சாப்பிடாமல் போகிறீர்கள் என்று தம்பி பெண்டாட்டி வாசல் வரைக்கும் வந்து கேட்டதற்கு, மெஷினில் துணி பாதியில் நிற்கிறது என்று எதையோ உளறிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

உலகத்துக்கு அவள் புருஷன் வயது எழுபத்துமூன்று. உண்மையில் அறுபத்தைந்து. கட்டிலில் கிடக்கும் தம்பியைவிட இரண்டு வயது சின்னவர். அதைவிடப் பெரிய கூத்து, அறுபத்தொன்பது வயதான டெய்லரம்மாவைவிட நாலு வயது சின்னவர். இது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அவள் புருஷனான டிரைவர் பதினாறு வயதிலேயே ஆறடி வளர்ந்துவிட்டவர். மீசையும் முளைத்திருந்தது, வீட்டில் பசியும் இருந்தது. பதினாறு வயதுப் பயலிடம் எவன் லாரியை நம்பிக் கொடுப்பான்? இருபத்துநாலு என்று சொன்னார், கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வாயில் வந்த வயது அப்படியே பதிவாகி, லைசென்ஸிலும் அடையாள அட்டையிலும் ஏறிக்கொண்டது. பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு, பெண்ணுக்கு இருபத்துநாலு. நாலு வயது வித்தியாசம், பொருத்தமென்றால் இதுவல்லவா பொருத்தம் என்று இரண்டு வீட்டிலும் மெச்சிக்கொண்டார்கள். வித்தியாசம் நாலுதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. எந்தப் பக்கம் என்பதில்தான் கோளாறு.

கல்யாணமான புதிதில் மாமியாரும் மருமகளுமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அது வெளியே வந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஒரு காலத்தில் கடைவீதி முழுக்கத் தீப்பிடித்து எரிந்ததில் வந்து நின்றது. அந்த ராத்திரிதான் இவன் பிறந்தான், மருத்துவச்சி புகையில் இருமிக்கொண்டே பார்த்தாள் என்று மாமியார் சொல்லிவிட்டாள். மருமகள் கை நின்றுவிட்டது. அந்தத் தீ அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் அவள். நாலு வயதுப் பிள்ளை பார்த்த தீயில் பிறந்தவன் எப்படி அவளுக்கு மூத்தவன் ஆவான்? மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு வெங்காயக் கையோடே அவள் கையைப் பிடித்து, அவனிடம் மட்டும் கேட்டுவிடாதே தாயி, ஆம்பிளை மனசு தாங்காது என்று கெஞ்சினாள். சரி என்று இவள் சொன்னாள். சொன்ன சொல்லை நாற்பத்தைந்து வருஷம் காப்பாற்றினாள். காப்பாற்றிய லட்சணத்தைத்தான் இப்போது பார்க்கிறோமே.

பாவம், டிரைவரும் அந்தப் பொய்க்குக் குறைவில்லாமல்தான் உழைத்தார். நாற்பதிலேயே தலைக்குச் சாயம் வேண்டாம் என்றுவிட்டார். உட்கார்ந்தால் ஒரு முனகல், எழுந்தால் ஒரு முனகல். இவளோ அந்தப் பக்கம் தன் தலைக்கு மாதம் தவறாமல் மை பூசி, புருஷனுக்குச் சின்னவளாகத் தெரிவதற்குப் பாடுபட்டாள். இந்த வயசிலும் அண்ணன் எப்படிக் கிண்ணென்று இருக்கிறார் பார் என்று லாரி ஷெட்டில் இருப்பவர்கள் சொன்னால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எழுபத்துமூன்று வயது ஆளுக்கு அது பெருமை. அறுபத்தைந்து வயது ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது?

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவளுக்கு அந்த டாக்டர் அறைதான் கண்ணுக்குள் நின்றது. ராத்திரியில் ஓயாமல் மூத்திரம் போகிறார் என்றுதான் கூட்டிப்போனாள். வயது என்ன என்று டாக்டர் கேட்டார். எழுபத்தொன்று என்றார் இவர். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை ஒருமுறை பார்த்தார், அந்த வயசுக்கு இது சரிதான், ஊசி கீசி என்று உடம்பைப் படுத்த வேண்டாம், வருஷத்துக்கு ஒருதரம் வந்து பாருங்கள் என்றார். எழுபத்தொன்று இல்லை, அறுபத்துமூன்று என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டு வருஷத்தில் ஒரு உயிர் தொங்குகிறது என்று அவள் கண்டாளா? வயதென்பது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். டாக்டரே சரிதான் என்றுவிட்டார், பிறகென்ன என்று மறுவருஷம் அவர் போகவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் இடுப்புக்கு வெந்நீர்ப் பையைக் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த இடுப்பு வலி மூன்று நாலு மாதமாக இருக்கிறது. லாரி சீட்டில் தேய்ந்த இடுப்பு, வயசாச்சில்ல, வலிக்காமல் என்ன செய்யும் என்பார். பொய்யைச் சொன்ன ஆளே அதை நம்பவும் ஆரம்பித்தால் வைத்தியம் எங்கிருந்து நடக்கும்? டெய்லரம்மா மெஷினில் உட்கார்ந்து, யூனிஃபார்ம் சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

கடைசியில் தம்பியைச் சாக்காக வைத்தாள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் சொந்தக்காரர்களையும் பார்க்க வேண்டுமாம், டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள். உன் தம்பிக்கு வந்தால் எனக்கு எப்படியடி வரும், ஒரு வயிற்றிலா பிறந்தோம் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு மட்டும் அவர் எப்போதும் கட்டுப்படுவார்.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை அழுத்தினார். வலி பொறுக்காமல் அவர் பல்லைக் கடித்தார். வயது என்ன என்று டாக்டர் கேட்டார். டிரைவர் டெய்லரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, எழுபத்துமூன்று என்றார்.

அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் அங்கே இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வராது. மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் வேண்டும் என்று எழுந்து வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதாவது சொல்லிவிடுங்கள், ஐயா, சொல்லித் தொலைத்துவிடுங்கள் என்று சாத்திய கதவைப் பார்த்து மனசுக்குள் மன்றாடினாள்.

கதவு திறந்தது. ஒன்றும் இல்லையாம், வயசுதானாம், எதற்கும் இருக்கட்டுமென்று ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி வேறு.

டெய்லரம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நோயாளி அப்போதுதான் உட்காரப் போனார், அவரையும் பார்க்கவில்லை.

"டாக்டர், அவருக்கு எழுபத்துமூணு இல்ல. அறுபத்தஞ்சு. என்னைவிட நாலு வயசு சின்னவர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பார்வை அவளைத் தாண்டிக் கதவுக்குப் போயிற்று. அங்கே டிரைவர் நின்றிருந்தார். நிஜமா என்று டாக்டர் கேட்டார். பேயறைந்த மாதிரி நின்ற டிரைவர் ஆமாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார், படுக்கையை எடுத்துக்கொண்டு முன்அறைக்குப் போய்விட்டார். டெய்லரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று கண்ணில் பட்ட சாமியையெல்லாம் கும்பிட்டாள். ரத்தத்தில் அந்த அளவு ஐந்தரையிலிருந்து நாற்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். தம்பிக்கு எடுத்த மாதிரியே பன்னிரண்டு நூல், பன்னிரண்டு சின்னக் குப்பி. குப்பிகளை நர்ஸ் தட்டில் வைத்து எடுத்துப்போனபோது, அதில் ஒன்றிலும் ஒன்றும் இருக்கக்கூடாது என்று அவள் வேண்டவில்லை. அவ்வளவு பேராசை அவளுக்கு இல்லை. தம்பிக்கு வந்த ஏழாகவே இருக்கட்டும் என்று வேண்டினாள். எலும்பையெல்லாம் படம் எடுக்கவேண்டும் என்றார்கள், அதையும் எடுத்தார்கள்.

முடிவு சொல்ல டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார். பன்னிரண்டில் பதினொன்றில் இருந்தது. மார்க் ஒன்பது.

"உன் தம்பிய ஜெயிச்சுட்டேன்," என்றார் டிரைவர். அத்தனை நாள் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நிதானமாக விளக்கினார். பொதுவாக வயது கூடக்கூடத்தான் இந்த நோய் அதிகம் தட்டுப்படும், எட்டு ஒன்பது என்று முற்றின வகையும் எழுபதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் அதிகம். ஆனால் அது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிற கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு எது வரும் என்று அந்தக் கணக்கு சொல்லாது. இவருக்கு அறுபத்தைந்திலேயே அந்தப் பொல்லாத வகை வந்திருக்கிறது. இடுப்பெலும்புக்கும் போய்விட்டது. வலி அதனால்தான்.

அவருக்குத்தான் எழுபது ஆகவில்லையே, தம்பிக்குச் செய்த மாதிரி இவருக்கும் அறுத்து எடுத்துவிடலாமே என்று டெய்லரம்மா கேட்டாள். அதற்காகத்தானே மானத்தை விட்டு வயதைச் சொன்னோம் என்கிற ஆவேசம் அவள் குரலில் இருந்தது. டாக்டர் தலையை அசைத்தார்.

"எலும்புக்குப் போனப்புறம் அறுத்து எடுத்துக் குணமாக்க முடியாதும்மா. இனிமே ஊசியும் மாத்திரையும்தான். அதுக்கு அறுபத்தஞ்சும் ஒண்ணுதான், எழுபத்துமூணும் ஒண்ணுதான்."

"அன்னிக்கே அறுபத்துமூணுன்னு சொல்லியிருந்தா?"

டாக்டர் நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே ஊசி விட்டுப் பார்த்திருப்பேன் என்றார். மருந்து ஒத்துக்கொண்டால் நாலைந்து வருஷம் நன்றாகவே ஓட்டலாம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் வரும், முதல் ஊசியை இன்றைக்கே போட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஊசி போடும் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் வெள்ளை அடித்த இடத்தில் ஈரம் பூத்திருந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். கல்யாணமான புதிதிலிருந்து என்றாள். மாமியார் சொன்னதையும் தீயையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ரூம்ல நீ தெரிஞ்சேதான் உக்காந்திருந்தியா?"

அவள் ஆமாம் என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

சொல்லியிருக்கக்கூடாதா என்று அவரையும் திருப்பிக் கேட்டிருக்கலாம். வயதும் அவருடையது, வாயும் அவருடையது, பொய்யும் அவருடையது. அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவர் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், அதனால் சொல்லவில்லை. இவள் ஏன் சொல்லவில்லை? பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். புருஷன் பெண்டாட்டி ஒருத்தர் மானத்தை ஒருத்தர் காப்பாற்றிய அழகுக்கு நோய் எலும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கேள்வியை மென்று விழுங்கிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அறுபத்தஞ்சோட நாலஞ்சு போட்டா எழுபதுதான் வருது," என்றார். "இத்தன நாளா எழுபத்துமூணு எழுபத்துமூணுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எனக்கு அந்த வயசு வராது போலிருக்கே."

டெய்லரம்மா ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, நாலு பேர் போகிறார்கள் வருகிறார்கள் என்றும் பார்க்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை அப்படியே இரண்டு கையாலும் பிடித்து மூடினாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவரை ஒருதரம்கூட நீங்கள் என்பதற்குக் குறைத்துக் கூப்பிட்டவள் இல்லை.

"மூத்தவ நான் இருக்கேன்," என்றாள். "எனக்கு முன்னாடி நீ எப்படிடா போவே?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை முனகல் நிஜம். அவள் தோளைக் கொடுத்துத் தூக்கி, கதவு வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள்.